மண்டியிட்டுப் பார்க்கும் பூக்கள்: விஸ்கான்சின் பிரெய்ரியின் வசந்தம்

ஏப்ரல் இரண்டாம் வாரம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துத் தென்மேற்கில் வடக்குப் பார்த்த சரிவுகளில் அங்கங்கே பனி மிச்சமிருக்கும். மரங்களில் இலை இருக்காது. தெற்கும் மேற்கும் பார்த்த செங்குத்தான குன்றுச் சரிவுகளில் மட்டும் பனி முழுக்க உருகி, போன வருடத்துப் புல் வைக்கோல் நிறத்தில் படுத்துக் கிடக்கும். அந்தப் புல்லைக் கையால் விலக்கினால் நாலு விரல் உயரத்தில் ஒரு பூ. வெளிர் ஊதாவில் ஆறு இதழ், நடுவில் மஞ்சள் மகரந்தக் கற்றை. தண்டிலும் இதழின் வெளிப்பக்கத்திலும் வெள்ளி நிறத்தில் பூனைமயிர் அடர்ந்திருக்கும். தொட்டால் பூனைக்குட்டியின் காது மாதிரி. பாஸ்க் பூ என்பார்கள். ஈஸ்டர் சமயத்தில் பூப்பதால் வந்த பெயர். இலை விடுவதற்கு முன்பே பூத்துவிடும். உறைபனி விழும் இரவுகளை அந்த மயிர்ப் போர்வைதான் தாங்கிக்கொள்கிறது.

நின்றபடி பார்த்தால் இது கண்ணில் படாது. மண்டியிட வேண்டும்.

இந்தப் பக்கம் வந்த புதிதில் நான் பிரெய்ரி என்ற இந்தப் புல்வெளியை ஆகஸ்ட் மாதத்தில்தான் பார்த்தேன். நான் சனிக்கிழமைகளில் வேலைக்குப் போகும் நாற்பது ஏக்கர் நிலம் அது. பாதி குன்று, பாதி பழைய மக்காச்சோள வயல். வயலாக இருந்த பகுதியில் ஆளை மறைக்கும் புல், தோள் உயரத்தில் மஞ்சள் பூக்கள், அவற்றின் மேல் வண்ணத்துப்பூச்சிகள். பதினைந்து வருடத்தில் வயலை இப்படி மாற்றிவிட்டார்களே என்று மலைத்துப் போனேன். நிலத்துக்காரப் பெரியவர் ஒன்றும் மறுக்கவில்லை. "மே மாதம் வந்து பார்" என்று மட்டும் சொன்னார். போனேன். அதே இடத்தில் புல்லின் தளிரும் சில இலைக்கொத்துகளும் தவிர வேறெதுவும் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம், ஏர் படாத குன்றுச் சரிவில், கால் வைக்க இடமில்லாமல் பூத்திருந்தது. பதினைந்து வருட உழைப்புக்கும் உழாத நிலத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

மீட்டெடுத்த பிரெய்ரியை ஆகஸ்டில் அல்லாமல் மே மாதத்தில், தோள் உயரத்தில் அல்லாமல் கணுக்கால் உயரத்தில் மதிப்பிட வேண்டும் என்று சொல்வேன். உயரமான புல்லும் கோடைப் பூக்களும் சீக்கிரம் வந்துவிடுகின்றன. வசந்தத்தின் குட்டைப் பூக்கள் கடைசியில்தான் வருகின்றன, பல இடங்களில் வருவதே இல்லை. ஏன் அப்படி, அவற்றை வரவழைக்க நிலத்தில் என்னென்ன செய்கிறார்கள் என்று விரிவாகப் பார்க்கலாம்.

ஒரு கலப்பையும் ஓர் ஒப்பந்தமும்

பள்ளிப் புவியியலில் வட அமெரிக்காவின் புல்வெளிக்குப் பெயர் பிரெய்ரி என்று படித்து மதிப்பெண் வாங்கியிருப்போம். அந்தப் பாடத்தில் வரும் பிரெய்ரி இப்போது ஏறக்குறைய இல்லை. உயரப்புல் பிரெய்ரி ஒரு காலத்தில் சுமார் 17 கோடி ஏக்கரில் பரந்து கிடந்தது. இன்று அதில் நூற்றில் நாலு பங்கும் மிஞ்சவில்லை. மிஞ்சியதிலும் பெரும்பகுதி கன்சாஸ் மாநிலத்து ஃப்ளின்ட் குன்றுகளில் இருக்கிறது. மேல்மண்ணுக்கு அடியிலேயே சுண்ணாம்புப் பாறை என்பதால் அங்கே ஏர் இறங்கவில்லை. 1996-ல் அங்கே ஒரு தேசியப் பாதுகாப்பிடமும் அமைத்தார்கள். 'பிரெய்ரி மாநிலம்' என்றே பட்டப்பெயர் வாங்கிய இல்லினாயில் 2.2 கோடி ஏக்கர் இருந்தது. 1970களில் மாநிலம் முழுக்கத் தேடிக் கணக்கெடுத்தபோது கெடாத பிரெய்ரி என்று சொல்லத்தக்கது சுமார் 2,300 ஏக்கர்தான் கிடைத்தது. பத்தாயிரத்தில் ஒரு பங்கு. விஸ்கான்சினின் 21 லட்சம் ஏக்கரில் நூற்றுக்கு அரைப்பங்குகூடத் தேறாது.

இதற்கு 1837-ஐ ஒரு கணக்கு வருடமாக வைத்துக்கொள்ளலாம். அந்த வருடம் இல்லினாயின் கிராண்ட் டீடூர் என்ற சிற்றூரில் ஜான் டியர் என்ற கொல்லர் பளபளப்பாகத் தீட்டிய எஃகுக் கலப்பையைச் செய்தார். அதுவரை இருந்த இரும்புக் கலப்பைகளில் பிரெய்ரியின் கரிய மண் பசை போல ஒட்டிக்கொள்ளும். நாலு எட்டுக்கு ஒரு தரம் நிறுத்தி வழித்துவிட வேண்டும். எஃகில் மண் ஒட்டாமல் வழுக்கி விழுந்தது. அதே 1837 நவம்பரில் ஹோச்சங்க் என்ற பழங்குடி மக்கள் மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே தங்களுக்கு மிஞ்சியிருந்த நிலம் முழுவதையும் விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் வாஷிங்டனில் கையெழுத்தானது. வெளியேற எட்டு வருடம் அவகாசம் என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. எழுத்தில் இருந்ததோ எட்டு மாதம். திரும்பத் திரும்ப விரட்டப்பட்டும் அவர்களில் பலர் திரும்பி வந்தார்கள். இன்றும் விஸ்கான்சினில் வாழ்கிறார்கள்.

இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லக் காரணம் உண்டு. கலப்பை பிரெய்ரியின் வேரை அறுத்தது. மக்களை விரட்டியது அதன் நெருப்பை அணைத்தது. பழங்குடிகள் தலைமுறை தலைமுறையாகப் புல்வெளிக்குத் தீயிட்டுப் பராமரித்து வந்தார்கள். தீ நின்றதும் ஏர் படாமல் தப்பிய இடங்களிலும் புதரும் மரமும் ஏறி, புல்வெளி நிழலுக்குள் போய்விட்டது.

தப்பியவை எல்லாம் யாருக்கும் பயன்படாத மூலைகள். ரயில் பாதை ஓரம். முதல் குடியேறிகளின் பழைய கல்லறைத் தோட்டங்கள். பனியுகத்தின் பனிப்பாறை தேய்த்துச் சமமாக்காத இந்தத் தென்மேற்கு விஸ்கான்சினின் செங்குத்துச் சரிவுகள். ஆடுதான் ஏறி மேயும் என்பதால் இவற்றுக்கு 'ஆட்டுப் பிரெய்ரி' என்றே பெயர். இவற்றை நான் மிச்ச நிலம் என்று குறிப்பிடுகிறேன். உழுது தொலைத்து மறுபடி விதைத்தது மீட்ட நிலம். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபமாக விளங்கும்.

புல் விழிப்பதற்குள்

வசந்தப் பூக்கள் ஏன் குட்டையாக இருக்கின்றன? புல்லைத் தெரிந்துகொண்டால் விடை கிடைக்கும்.

உயரப்புல் பிரெய்ரியின் பெரிய புல்லான பிக் ப்ளூஸ்டெம் நமக்கு அப்படியொன்றும் அந்நியம் இல்லை. கரும்பு, சோளம், மக்காச்சோளம், வெட்டிவேர், எலுமிச்சைப்புல் எல்லாம் சேர்ந்த அதே கிளையைச் சேர்ந்தது. வெயிலுக்குப் பிறந்த கூட்டம் அது. மண் நன்றாகச் சூடேறாமல் கண் திறக்காது. மே மாதக் கடைசி வரை சோம்பிக் கிடந்து, ஜூன் ஜூலையில் சரசரவென்று ஏறி, ஆகஸ்டில் ஆறேழு அடிக்கு நின்று, வான்கோழிக் கால் போல மூன்றாகப் பிரிந்த கதிரை விடும். வேர் எட்டு, பத்து அடி ஆழம் போகும். காம்பஸ் செடி என்ற மஞ்சள் பூச்செடியின் வேர் அதையும் தாண்டும். மேலே தெரிவதைவிடக் கீழே மறைந்திருப்பதுதான் பிரெய்ரியில் அதிகம்.

ஆக ஏப்ரல் தொடக்கத்திலிருந்து மே முடிவு வரை, ஏழெட்டு வாரம், வெயில் தடையில்லாமல் தரை வரைக்கும் விழுகிறது. அந்த இடைவெளியில் முளைத்து, பூத்து, காய்த்து முடிப்பதுதான் குட்டைச் செடிகளின் பிழைப்பு. உயரமாக வளர்ந்து ஆக வேண்டியது எதுவுமில்லை, நிழல் தர யாரும் இன்னும் எழவில்லை. பாஸ்க் பூவுக்குப் பின் மே மாதத்தில் பறவைக்கால் வயலெட் வரும். இலை பறவையின் பாதம் போலப் பிளந்திருக்கும். ஆரஞ்சு கலந்த மஞ்சளில் பக்கூன். தலை கவிழ்ந்த ரோஜா நிற மொட்டுகளாகப் பிரெய்ரி ஸ்மோக். இது கருவுற்றதும் தலையை நிமிர்த்தி, ஒவ்வொரு சூல்தண்டையும் இறகு போல நீட்டிக்கொள்ளும். ஜூனில் சரிவு முழுக்க இளஞ்சிவப்புப் புகை தவழ்வது போலிருக்கும். பெயரில் உள்ள புகை அதுதான்.

என் மனம் அதிகம் நிற்பது ஷூட்டிங் ஸ்டார் மேல். தரையோடு படிந்த இலைக்கொத்தின் நடுவிலிருந்து ஒற்றைத் தண்டு ஒரு அடிக்கு எழும்பும். உச்சியில் குடை விரித்தது போல ஏழெட்டுப் பூக்கள் தலைகீழாகத் தொங்கும். இதழ்கள் எல்லாம் எதிர்க்காற்றில் தலைமயிர் பறப்பது போலப் பின்னால் மடிந்திருக்க, மகரந்தப் பைகள் ஒன்றாகச் சேர்ந்து அலகு மாதிரி கீழ்நோக்கிக் கூராக நிற்கும். இதில் தேன் கிடையாது. மகரந்தமும் சும்மா உதிராது. பைகளின் நுனித் துளைக்குள் அடைபட்டிருக்கும். பம்பிள் தேனீயின் ராணி வந்து அந்த அலகைக் கால்களால் இறுகப் பற்றித் தொங்கி, சிறகை அசைக்காமல் பறக்கும் தசைகளை மட்டும் அதிரவைக்கும். பூவுக்கு ஒரு சாண் தூரத்தில் காதை வைத்துக் கேட்டிருக்கிறேன். பறந்து வரும்போது கனத்த ரீங்காரம். பூவைப் பிடித்ததும் சட்டென்று சுருதி ஏறி 'விர்ர்' என்று ஒரு வினாடி. மஞ்சள் பொடி பூச்சியின் வயிற்றில் கொட்டும். மறுபடி பழைய சுருதி, அடுத்த பூ. நம் வீட்டுத் தோட்டத்துக் கத்தரிப்பூவும் தக்காளிப்பூவும் இதே உத்தியைத்தான் வைத்திருக்கின்றன. காலையில் தோட்டத்தில் கொஞ்சம் பொறுமையாக நின்றால் அங்கேயும் கேட்கலாம்.

ராணி என்று சொன்னதைக் கவனிக்க வேண்டும். பம்பிள் தேனீக் கூட்டத்தில் குளிர்காலத்தைத் தாண்டிப் பிழைப்பது கருத்தரித்த இளம் ராணிகள் மட்டுமே. ஏப்ரலில் மண்ணுக்குள்ளிருந்து தனியாக வெளிவந்து, இடம் தேடி, முட்டையிட்டு, முதல் தொகுதி வேலைக்காரிகளைத் தானே வளர்க்க வேண்டும். அந்த வாரங்களில் பூ இல்லையென்றால் ஒரு கூட்டமே உருவாகாமல் போகும். துருப்புள்ளி பம்பிள் தேனீ 2017-ல் அமெரிக்க அரசின் அழியும் உயிரினப் பட்டியலில் ஏறியது. அமெரிக்கப் பெருநிலப்பரப்பில் அந்தப் பட்டியலில் சேர்ந்த முதல் தேனீ அது. எஞ்சியிருக்கும் அதன் வாழிடங்களில் விஸ்கான்சினும் ஒன்று. ஆகஸ்டில் மட்டும் பூக்கும் நிலம் அதற்குப் பாதி வருடம் அடுப்பு எரியாத வீடு.

வயலெட்டுக்கும் இப்படி ஒரு சார்பு உண்டு. ரீகல் ஃப்ரிட்டிலரி என்ற பெரிய ஆரஞ்சு வண்ணத்துப்பூச்சியின் புழு வயலெட் இலையைத் தவிர வேறெதையும் தின்னாது. நடு விஸ்கான்சினின் மணற்பாங்கில் பூக்கும் காட்டு லூப்பினை நம்பியே கார்னர் நீல வண்ணத்துப்பூச்சி உயிர் வாழ்கிறது. 1992 முதல் அதுவும் அழியும் பட்டியலில்.

மீட்கத் தொடங்கிய கதை

பிரெய்ரியைத் திரும்ப உண்டாக்கலாம் என்று உலகில் முதலில் முனைந்த இடங்களில் ஒன்று மேடிசன் நகரில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஆர்பரீட்டம் என்ற மரத்தோட்டம். 1930களின் நடுவில், பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த இளைஞர்களை அரசு முகாம் அமைத்து வேலைக்கு எடுத்த காலம். அவர்களை வைத்துப் பழைய பண்ணை நிலத்தில் மிச்ச நிலங்களிலிருந்து பெயர்த்த புல்கட்டிகளையும் விதைகளையும் நட்டார்கள். தியடோர் ஸ்பெரி அந்த நடவை முன்னின்று நடத்தினார். அந்த எழுபது ஏக்கருக்கு இன்று கர்டிஸ் பிரெய்ரி என்று பெயர். தாவரவியலாளர் ஜான் கர்டிஸ் 1940களில் அங்கே சிறு பாத்திகளை எரித்தும் எரிக்காமலும் விட்டு ஒப்பிட்டார். எரித்த இடத்தில் ஐரோப்பாவிலிருந்து வந்த ப்ளூகிராஸ் பின்வாங்க, பிரெய்ரிச் செடிகள் மேலெழுந்தன. நெருப்பு இல்லாமல் பிரெய்ரி இல்லை என்று பழங்குடிகள் அறிந்திருந்ததை அறிவியல் அப்போதுதான் எழுத்தில் ஒப்புக்கொண்டது.

அதே ஆண்டுகளில், அதே பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஆல்டோ லியோபோல்ட் 1935-ல் விஸ்கான்சின் ஆற்றங்கரையில் தேய்ந்துபோன ஒரு மணல் பண்ணையை வாங்கி, அங்கிருந்த கோழிக் கொட்டகையைக் குடிலாக்கி, வார இறுதிகளில் குடும்பத்தோடு போய் மரமும் பிரெய்ரிச் செடிகளும் நட்டார். எந்தப் பூ எந்தத் தேதியில் பூத்தது என்று விடாமல் குறித்து வைத்தார். 1948 ஏப்ரல் 21 அன்று பக்கத்து நிலத்தில் பரவிய புல் தீயை அணைக்கப் போன இடத்தில் மாரடைப்பில் இறந்தார்.

இல்லினாயின் பட்டேவியாவில் ஃபெர்மிலேப் இருக்கிறது. துகள் இயற்பியல் ஆய்வகம். அங்கே முடுக்கி வளையத்தின் உள்ளே கிடந்த நிலத்தில் 1975-ல் ராபர்ட் பெட்ஸ் என்ற உயிர்வேதியியல் பேராசிரியர் பிரெய்ரி விதைத்தார். பழைய கல்லறைத் தோட்டங்களில் மிச்ச நிலங்களைத் தேடித் தேடிக் கண்டவர் அவர். எல்லா விதையையும் ஒரே நாளில் போடக் கூடாது என்பது அவர் அனுபவத்தில் கண்ட முறை. முரட்டு வகைகளை முதலில் விட்டு மண்ணைப் பிடிக்கவைத்து, நுணுக்கமானவற்றைப் பிறகு வருடக்கணக்கில் படிப்படியாகச் சேர்க்க வேண்டும். வசந்தப் பூக்களின் விஷயத்தில் இந்த முறை எவ்வளவு சரி என்பதை அதன்பின் வந்த ஒவ்வொரு நிலக்காரரும் கண்டிருக்கிறார்கள்.

ஏன் அவை வருவதில்லை

முதல் காரணம் மிகச் சாதாரணமானது: விதை சேகரிக்கும் தேதி. அக்டோபரில் பிரெய்ரி காய்ந்து நிற்கும்போது அறுவடை இயந்திரத்தை ஓட்டினால் புல் விதையும் கோடைப் பூக்களின் விதையும் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். பாஸ்க் பூவின் விதை ஜூன் தொடக்கத்திலேயே பறந்து போயிருக்கும். பக்கூன் ஒரு செடிக்குச் சில மணிகளே தரும். வயலெட்டின் காய் முற்றியதும் வெடித்து விதையைத் தெறிக்கவிடும். அதில் ஒட்டியிருக்கும் கொழுப்புத் துணுக்குக்காக எறும்புகள் தூக்கிப் போய்விடும். மிஞ்சிய காயும் அதற்குள் வளர்ந்துவிட்ட புல்லுக்கு அடியில் கிடக்கும். ஆகவே இயந்திரம் ஓடிய மூட்டையில் வசந்தமே இருக்காது. நாங்கள் மே கடைசியில் வயலெட் காய்களுக்கும் பிரெய்ரி ஃப்ளாக்ஸ் காய்களுக்கும் மெல்லிய வலைத்துணியில் தைத்த கட்டைவிரல் அளவுப் பைகளைக் கட்டுவோம். வெடித்தாலும் விதை பைக்குள் விழும். ஒரு மதியம் முழுக்கக் குனிந்து கட்டினால் கிடைப்பது ஒரு தேக்கரண்டி.

கிடைத்ததை முளைக்கவைப்பது அடுத்த பாடு. பாஸ்க் பூ விதையைப் பறித்த கையோடு விதைப்பது நல்லது. பலவற்றுக்கு ஒரு குளிர்காலம் கடந்தாக வேண்டும். நவம்பரில் வெறும் மண்ணில் தூவிப் பனியின் பொறுப்பில் விடலாம். இல்லையென்றால் ஈர மணலில் கலந்து இரண்டு மாதம் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் தயிர்ச் சட்டிக்குப் பக்கத்தில் அந்தப் பொட்டலங்கள் இருக்கும். லூப்பின் போன்ற பயறு வகைகளுக்கு விதை நேர்த்தி நம் ஊர் விவசாயிக்குத் தெரிந்ததுதான்: உப்புத்தாளில் லேசாக உரசி, அதற்குரிய ரைசோபியம் என்ற வேர்முடிச்சு நுண்ணுயிரைக் கலந்து விதைப்பது.

பிறகு காத்திருப்பு. முதல் வருடம் தூங்கும், இரண்டாம் வருடம் தவழும், மூன்றாம் வருடம் துள்ளும் என்று பிரெய்ரியைப் பற்றி இங்கே ஒரு சொலவடை உண்டு. புல்லுக்கும் கோடைப் பூக்களுக்கும் அது பொருந்தும். ஷூட்டிங் ஸ்டார் விதையிலிருந்து பூவுக்கு வர நாலைந்து வருடமோ அதற்கு மேலோ எடுக்கும். வெள்ளை லேடிஸ் ஸ்லிப்பர் ஆர்க்கிட் மண்ணில் அதற்குரிய பூஞ்சை இருந்தால்தான் முளைக்கவே செய்யும். பூக்கப் பத்து வருடம்கூட ஆகலாம். அதற்குள் பிக் ப்ளூஸ்டெம் ஆளுயரத்துக்கு அடைத்து நின்றுவிட்டால் இந்தக் குழந்தைகள் நிழலில் செத்துப்போகும்.

பழைய நடவுகளில் அதுதான் நடந்தது. உழவை நிறுத்தி நிலத்துக்குப் போர்வை இடும் விவசாயிக்கு அரசே வாடகை தரும் திட்டம் 1985-ல் வந்தது. மண்ணரிப்பைத் தடுக்கும் நோக்கத்தில் வந்த நல்ல திட்டம்தான். ஆனால் ஆரம்ப ஆண்டுகளில் பெரும்பாலும் ஒரு சில புல் வகைகளையே அடர்த்தியாக விதைத்தார்கள். அந்த நிலங்களில் பிறகு பூச்செடிகளைப் புகுத்துவது மூடிய கதவைத் தட்டுவது போலத்தான். இதற்குக் கண்ட வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது வுட் பெட்டனி. இதுவும் ஒரு வசந்தப் பூ, மஞ்சள் சுருளாகப் பூக்கும். பக்கத்துப் புல்லின் வேரில் உறிஞ்சியைச் செருகி நீரையும் சத்தையும் இழுத்துக்கொள்ளும் அரை ஒட்டுண்ணி. அது படர்ந்த இடத்தில் புல் தளர்ந்து, தரையில் வெளிச்சம் விழுந்து, மற்ற சிறு செடிகளுக்கு இடம் கிடைக்கிறது. இல்லினாயின் நச்சூசா புல்வெளியில் 2014-ல் பைசன் மாடுகளைக் கொண்டுவந்ததற்கும் இதேபோல ஒரு காரணம் உண்டு; அவை பெரும்பாலும் புல்லையே மேய்ந்து, பூச்செடிகளை விட்டுவைக்கும்.

சிகாகோ வட்டாரத் தாவரங்களை ஆராய்ந்த ஃப்ளாய்ட் ஸ்விங்கும் ஜெரோல்ட் வில்ஹெமும் ஒவ்வொரு செடிக்கும் 0 முதல் 10 வரை ஒரு எண் கொடுக்கும் முறையை உருவாக்கினார்கள். எந்தக் குப்பைமேட்டிலும் முளைப்பதற்குச் சிறிய எண். கெடாத பழைய நிலத்தை விட்டு நகராதவற்றுக்குப் பெரிய எண். மேலே சொன்ன வசந்தப் பூக்களில் பல பெரிய எண் வாங்குபவை. ஒரு மீட்ட நிலத்தில் மொத்தம் எத்தனை வகை இருக்கிறது என்று எண்ணுவதைவிட, இவற்றில் எத்தனை ஊன்றியிருக்கிறது என்று பார்ப்பது உண்மைக்குப் பக்கத்தில் கொண்டுபோகும்.

எப்போது தீ வைப்பது

வசந்தப் பூக்களைப் பற்றி அக்கறை உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் உள்ள வித்தியாசம் தீ வைக்கும் தேதியில் தெரிந்துவிடும்.

நெருப்பு ஏன் தேவை என்பது எளிது. பிரெய்ரிச் செடிகளின் குருத்து மண்ணுக்கு அடியில் பாதுகாப்பாக இருக்கிறது. புதருக்கும் மரக்கன்றுக்கும் உயிர் வெளியே இருக்கிறது. எரிந்தபின் மண் கறுத்து வெயிலை இழுத்துச் சீக்கிரம் சூடேறும். சருகு போய் வெளிச்சம் தரையைத் தொடும். எரிந்த சரிவில் பூக்கள் கூட்டமாக எழுவதைப் பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள். ஆனால் ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் வைக்கும் தீ வேறு கதை. ஸ்மூத் ப்ரோம் போன்ற அந்நியப் புற்கள் குளிரிலேயே வளர்பவை. அவை தளிர்த்து நிற்கும்போது எரித்தால் நன்றாக அடிபடும். இனிப்பு க்ளோவர் என்ற ஈராண்டுக் களைக்கும் மே மாதத் தீதான் மருந்து. ஆகவே பலர் அந்தச் சமயத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதே சமயத்தில்தான் ஷூட்டிங் ஸ்டாரும் வயலெட்டும் மொட்டோடு நிற்கின்றன. வருடா வருடம் அப்போதே எரித்தால் தூங்கிக்கொண்டிருக்கும் பெரிய புல்லுக்கு மட்டும் லாபம். ஆகஸ்ட் இன்னும் உயரும், மே இன்னும் வெறுமையாகும். ரீகல் ஃப்ரிட்டிலரியின் புழுக்கள் கடுகளவில் சருகுக்குள்ளேயே குளிர்காலத்தைக் கழிக்கின்றன. முழு நிலத்தையும் ஒரே நாளில் எரித்தால் அந்த இடத்தில் அந்த இனம் முடிந்தது.

எங்கள் நிலத்தில் மூன்று பங்காகப் பிரித்து வருடத்துக்கு ஒரு பங்கு எரிக்கிறோம். ஆட்டுப் பிரெய்ரிச் சரிவுக்கு மார்ச் தொடக்கம். தெற்குச் சரிவு காய்ந்துவிட, சுற்றியுள்ள காட்டில் இன்னும் பனி படிந்திருக்கும் சில நாட்கள் அப்போது கிடைக்கும். அந்தப் பனியே தீத்தடுப்புக் கோடு. அனுமதிச் சீட்டு வாங்கி, தீயணைப்புக்குத் தகவல் சொல்லி, காற்றின் திசையையும் ஈரப்பதத்தையும் பார்த்து, பருத்தி உடையும் தோல் காலணியும் போட்டுக்கொண்டு நிற்போம். காற்று போகும் பக்கத்து ஓரத்தில் முதலில் தீயை வைப்போம். அது காற்றை எதிர்த்து மெல்ல, முழங்கால் உயரத்தில் ஊர்ந்து, பின்னால் கறுப்புப் பட்டையை விட்டுக்கொண்டே வரும். அந்தப் பட்டை போதிய அகலமானதும் பக்கவாட்டு ஓரங்களைச் சுற்றிக்கொண்டு போய், கடைசியில் காற்று வரும் பக்கம் பற்றவைத்தால், நெருப்பு காற்றோடு எழுந்து ஓடி, ஏற்கெனவே எரிந்த கறுப்பில் முட்டி ஓரிரு நிமிடத்தில் அணையும். என் வேலை முதுகில் இருபது கிலோ தண்ணீர்ப் பையோடு ஓரத்தில் நடந்து, கோட்டைத் தாண்டும் பொறியை அணைப்பது. தீயை விட அதற்குப் பின் வரும் அமைதிதான் நெஞ்சில் நிற்கும். கறுத்த மண்ணிலிருந்து ஆவி எழ, பறவைகள் திரும்பி வந்து பொறுக்கத் தொடங்கும்.

மே மாதத்தில் களைக்குத் தீ வைப்பதைக் கைவிட்டால் கையும் மண்வெட்டியும்தான் வழி. இனிப்பு க்ளோவரை ஈர மண்ணில் வேரோடு பிடுங்குகிறோம். காட்டு பார்ஸ்னிப் மோசமான ஒன்று. அதன் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் தீப்பட்டது போலக் கொப்பளிக்கும். முதல் வருடம் கையுறைக்கும் சட்டைக் கைக்கும் நடுவில் இரண்டு விரற்கடை திறந்திருந்தது. என் மணிக்கட்டில் அந்தப் பழுப்புத் தழும்பு அடுத்த கோடை வரை இருந்தது. குறுகிய மண்வெட்டியால் தரைக்குக் கீழே வேரை வெட்டி அப்படியே சாய்த்துவிட வேண்டும். குளிர்காலத்தில் ரெட் சீடர் என்ற ஊசியிலை மரங்களை அறுக்கிறோம். அது மண்ணின் மரம்தான், தீ இல்லாததால் சரிவில் ஏறிவிட்டது. அடியோடு அறுத்தால் திரும்பத் துளிர்க்காது, மருந்து வேண்டாம். போன மூன்று குளிர்காலங்களில் அறுத்துத் திறந்த இடத்தில், யாரும் விதைக்காமலே, நிழலில் பூக்காமல் இலையாக மட்டும் காலம் தள்ளியிருந்த பாஸ்க் செடிகள் பூத்தன.

ஒரு நோட்டுப் புத்தகம்

பெரியவர் சமையலறை ஜன்னலோரம் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார். முதல் பாஸ்க் பூ, முதல் பம்பிள் ராணி, முதல் ஷூட்டிங் ஸ்டார், அவ்வளவுதான், தேதியும் இடமும். இந்தப் பழக்கம் எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு லியோபோல்டின் குறிப்புகளே சாட்சி. அவரும் எலிசபெத் ஜோன்ஸும் 1935 முதல் 1945 வரையிலான பதிவுகளை 1947-ல் வெளியிட்டார்கள். மகள் நீனா லியோபோல்ட் பிராட்லி 1976-லிருந்து அதே பண்ணையில் குறிப்பைத் தொடர்ந்தார். 1999-ல் அவர் மற்ற ஆய்வாளர்களோடு சேர்ந்து 55 வசந்த நிகழ்வுகளை ஒப்பிட்டபோது, சராசரியாக ஆண்டுக்கு 0.12 நாள் வீதம் அவை முன்னால் நகர்ந்திருந்தன. சில அசையவே இல்லை; வெப்பத்துக்கு மசியாமல் பகல் நீளம் போன்றவற்றைப் பார்த்து நாள் குறிப்பவையாக அவை இருக்கலாம். வரலாறு காணாத வெயில் அடித்த 2012 வசந்தத்தில், லியோபோல்ட் குறித்த காலத்தைவிட மூன்று வாரம் முன்பே விஸ்கான்சினில் பல செடிகள் பூத்துவிட்டன.

பூ முந்தி ராணித் தேனீ முந்தாவிட்டால் என்ன ஆகும் என்பது இந்த இடத்தில் எனக்குப் பெரிய கவலை. பூவின் தேதியை மட்டும் குறித்தால் போதாது, அதில் வந்து உட்கார்ந்தவர் யார் என்றும் குறிக்க வேண்டும். நிலம் இல்லாதவரும் இதைச் செய்யலாம். மேடிசனுக்கு வருபவர்கள் மே இரண்டாம், மூன்றாம் வாரத்தில் கர்டிஸ் பிரெய்ரியின் நடைபாதையில் மெதுவாக நடந்தால் போதும். பாதையை விட்டு இறங்கக் கூடாது, பூவைப் பறிக்கவே கூடாது. பாஸ்க் பூவுக்கும் ஆர்க்கிட்டுக்கும் இடம் குறிப்பிட்டு இணையத்தில் படம் போடாமல் இருப்பதும் நல்லது. தோண்டிக்கொண்டு போகிறவர்கள் உண்டு.

இந்த மே மாதம் 16-ம் தேதி, பழைய மக்காச்சோள வயலில், வுட் பெட்டனி படர்ந்து புல் தளர்ந்த ஒரு பாய் அளவு இடத்தில், மூன்று ஷூட்டிங் ஸ்டார்கள் பூத்தன. நாங்கள் ஆறு வருடத்துக்கு முன் நவம்பரில் தூவிய விதை. பெரியவர் முட்டிவலியோடு மண்டியிட்டு, ஒவ்வொரு பூவாக எண்ணி, மூன்று தண்டுகளில் பதினொன்று என்று எழுதிக்கொண்டார். நாங்கள் அங்கேயே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். தேனீ எதுவும் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை மறுபடி போய் உட்கார வேண்டும்; வயலெட்டுக்குப் பைகளும் அன்றைக்கே கட்டியாக வேண்டும்.